ஸ்வோர்தி என்றால் வெறும் கறுப்பு அல்ல

அன்பு மகள் கயலுக்கு,

நீ மொழிபெயர்க்கிற கடற்பயண நாவலில் 'ஸ்வோர்தி' (swarthy) என்ற ஆங்கிலச் சொல் வரும் இடத்திலெல்லாம் 'கறுப்பு' என்றே போட்டிருக்கிறாய். அது சரிப்படாது.

முதலில் உச்சரிப்பு. 'ஸ்வார்த்தி' இல்லை. 'வார்' (போர்), 'வார்ம்' என்று நாம் எழுதுகிற சொற்களில் ஆங்கிலேயர் வாயில் 'வோ' என்றுதானே விழுகிறது? அதே ஒலிதான் இங்கும். கடைசி எழுத்து 'பத்து'வில் வரும் வல்லின த் அல்ல, 'அது'வில் வரும் மெல்லிய த.

வேர் பழைய ஆங்கிலத்து 'ஸ்வேயர்ட்'. அதற்குப் பொருள் சுத்தக் கறுப்பு. ஜெர்மானியரின் 'ஷ்வார்ட்ஸ்', டச்சுக்காரரின் 'ஸ்வார்ட்' இரண்டும் அதன் உடன்பிறப்புகள். அங்கெல்லாம் கறுப்புக்கு இன்றைக்கும் அதுதான் சொல். ஆங்கிலத்தில் மட்டும் 'பிளாக்' வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. (பழைய ஆங்கிலத்தில் இந்த 'பிளாக்'கை ஒட்டிய ஒலியில் 'வெளிறிய' என்ற பொருளுள்ள சொல்லும் இருந்தது, உயிர் குறிலா நெடிலா என்பதுதான் வித்தியாசம். துணி வெளுக்கும் 'பிளீச்' அந்த வழி வந்தது.) இடம் இழந்த பழைய சொல் மனிதரின் தோலோடு ஒதுங்கியது. 'ஸ்வோர்தி' என்ற வடிவம் 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வருகிறது.

அது எந்த நிறத்தைக் குறிக்கிறது என்பது பார்க்கிறவனைப் பொறுத்தது. அமெரிக்கரான பெஞ்சமின் பிராங்க்ளின் 1751-இல் எழுதிய மக்கள்தொகைக் கட்டுரையில் ஸ்பானியர், இத்தாலியர், பிரெஞ்சுக்காரர், ரஷ்யர், ஏன் ஸ்வீடன்காரரைக்கூட இந்தச் சொல்லுக்குள் அடக்கினார். ஜெர்மானியரில் சாக்சன்களுக்கு மட்டும் விலக்கு. அவர்களும் ஆங்கிலேயருமே அவருக்கு வெள்ளையர். பென்சில்வேனியாவில் ஜெர்மானியர் வந்து குவிகிறார்களே என்ற எரிச்சலில் எழுதியது அது. ஸ்வீடன்காரரைக் 'கறுப்பர்' என்று தமிழில் எழுதினால் வாசகர் சிரிப்பார்.

ஆகவே இடம் பார்த்துப் போடு. வெயிலிலும் உப்புக்காற்றிலும் கிடந்த மாலுமிக்கு 'வெயிலில் கறுத்த முகம்'. ஸ்பானிய வணிகனுக்கு 'மாநிறம்'. கொள்ளைக்காரனை அறிமுகப்படுத்தும்போது அந்தச் சொல்லில் 'நம்ம ஆள் இல்லை, நம்பாதே' என்ற வாடையும் சேர்ந்திருக்கும். அங்கே 'மாநிறம்' மிக மரியாதை, 'அட்டக்கரி' மிகை. 'கரிய முகத்தான்' போதும். ஆங்கிலத்தில் எழுதும்போது நிஜ மனிதர் யாரையும் இப்படி வர்ணித்துவிடாதே, பலருக்குச் சுருக்கென்று தைக்கும்.

காய்ச்சலில் கிடக்கும் பையனுக்கு வருவது வேறு சொல், 'சாலோ' (sallow). அதுவும் ஒரு காலத்தில் மங்கிய கருநிறத்தைக் குறித்ததுதான்; இப்போது நோய்பிடித்த மஞ்சள். நீ போட்டிருக்கும் 'பசலை' அழகுதான், ஆனால் படிக்கிறவர் பையனுக்குக் காதல் நோய் என்று நினைத்துக்கொள்வார். 'முகம் வெளிறி மஞ்சள் தட்டியிருந்தது' என்று மாற்றி அந்த அத்தியாயத்தை அனுப்பு.

அப்பா