மேசைமேல் வைக்க ஒரு தாள்

காரைக்குடி,
ஐப்பசி மழைநாள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கோயம்புத்தூரில் அலுவலகப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, பகடை உருட்டிக் கதைக்குள் ஆளாகி ஆடும் நம் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை நடத்தப்போகிறாய் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். ஹாஸ்டலில் நாம் ஆடிய ஆட்டம் உன்னை இன்னும் விடவில்லை. இங்கே நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பத்தா வீட்டு வளவில், அந்த நடு முற்றத்தில், பாய் விரித்து நடத்திக்கொண்டிருக்கிறேன். அக்கா மக்களும் அவர்களுடைய கல்லூரிக் கூட்டாளிகளும் வருகிறார்கள். போன வாரம் மழை வளவுக்குள்ளேயே கொட்டியது. ஒருத்தரும் எழுந்து போகவில்லை.

பக்கத்தில் வைத்துக்கொள்ள என்னென்ன குறிப்பு வேண்டும் என்று கேட்டிருந்தாய். விதிப் புத்தகத்தைச் சுருக்கி எழுத ஆரம்பிக்காதே. ஆட்டம் எங்கே நின்றுபோகிறது என்று பார். யாராவது புத்தகத்தைப் புரட்டுகிற ஒவ்வொரு தடவையும் ஓரமாகக் குறித்துக்கொள். அந்தக் கேள்விகளுக்கான விடைகள் மட்டும் ஒரே தாளில் வரட்டும். எல்லாருக்கும் மனப்பாடமாகிவிட்ட விஷயம் அதில் இடத்தை அடைக்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தாளைத் திருப்பி எழுது.

முதலில் வரவேண்டியது, தாண்ட வேண்டிய எண்கள்: ஒரு காரியம் பலிக்க, பகடையில் விழுவதும் பாத்திரத்தின் திறமைக் கூட்டலும் சேர்ந்து தொடவேண்டிய எண். புத்தகத்தில் 5 முதல் 30 வரை ஆறு படிகள் இருக்கின்றன. எனக்கு 10, 15, 20 மூன்றும் போதும். +5 கூட்டல் உள்ள ஒருவன் டி20, அதாவது இருபதுமுகப் பகடை, உருட்டினால் 10-ஐத் தொட 80 சதவீதம் வாய்ப்பு, 15-க்கு 55, 20-க்கு 30. கூட்டல் எதுவும் இல்லாதவனுக்கு 55, 30, 5. இந்த ஆறு எண்ணையும் தாளின் தலையில் எழுதிவை. 'இது கஷ்டம்தான்' என்று சொல்லும்போது எவ்வளவு கஷ்டத்தைக் கொடுக்கிறோம் என்பது அப்போதுதான் நமக்கே தெரியும். எண்ணை உருட்டும் முன்பே வாய்விட்டுச் சொல்லிவிடு. பிள்ளைகள் நம்மை நம்புவதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது.

அட்வான்டேஜ் பற்றியும் ஒரு வரி எழுது. இரண்டு டி20 உருட்டிப் பெரியதை எடுக்கும்போது, 11 தேவைப்படுகிறவனுக்கு 50 சதவீதம் 75 ஆகிறது. 20 தேவைப்படுகிறவனுக்கோ 5 சதவீதம் 10-ஐக்கூட எட்டுவதில்லை. அதாவது நடுத்தரக் கஷ்டத்தில்தான் அது கை கொடுக்கும். நல்ல யோசனை சொன்ன பிள்ளைக்கு அட்வான்டேஜ் மட்டும் கொடுத்தால் சில இடங்களில் அது பரிசே ஆகாது. அங்கே தாண்ட வேண்டிய எண்ணையே குறைத்துக் கொடு.

அடுத்தது இடம். இதில் நமக்கு உள்ள வசதி வேறு யாருக்கும் இல்லை என்று நினைக்கிறேன். நம் ஊர் வீட்டை அப்படியே சுரங்கக் கோட்டையாக வைத்துக்கொள். திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி, பின்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. வாசலில் நின்றால் கதவு கதவாகப் பின்வாசல் வரை பார்வை நேரே போகும். இப்போது எண்களைப் போட்டுப் பார். தீப்பந்தம் 20 அடிக்கு நல்ல வெளிச்சம், அதற்கப்பால் 20 அடிக்கு மங்கல் வெளிச்சம் தரும். ஒரு மணி நேரம் எரியும். நெடுவில் அம்பு 150 அடி வரை தடையில்லாமல் பாயும். பந்தம் பிடித்தவன் முகப்பில் நின்றால், பின்கட்டு இருட்டில் இருப்பவன் அவனைப் பார்த்துவிடுவான். பந்தம் பிடித்தவனுக்கோ இருட்டில் இருப்பவனைத் தெரியாது. வேறு எதுவும் சொல்லாமலே பிள்ளைகள் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். வளவுக்கு வந்தால் மேலே வானம், அங்கே நிலா வெளிச்சம் விழும். பந்தத்தை அணைத்துவிடலாமா என்று ஒரு பெண் கேட்டாள். அந்த ஒரு கேள்விக்காகவே இந்த ஆட்டத்தை நடத்தலாம்.

வளவுத் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினால் பாதி மறைவு, ஆர்மர் கிளாஸ், அதாவது அவன்மேல் அடி படத் தொடவேண்டிய எண், 2 கூடும். கதவிடுக்கில் நின்று எய்தால் முக்கால் மறைவு, 5 கூடும். கதவை உடைக்கிறேன் என்று ஒருவன் கட்டாயம் சொல்வான். மரத்துக்கு ஆர்மர் கிளாஸ் 15, கல்லுக்கு 17, இரும்புக்கு 19, கண்ணாடிக்கு 13, கயிறு துணிக்கு 11. பெரிய உறுதியான பொருளுக்கு ஹிட் பாயின்ட், அதாவது அடி தாங்கும் அளவு, சராசரி 27. நம் பர்மா தேக்குக் கதவுக்கு அது சரியாக இருக்கும். பெல்ஜியம் கண்ணாடியை உடைப்பவனுக்குக் கணக்கே வேண்டாம், சத்தம் கேட்டு யார் வருகிறார்கள் என்று சொல்லிவிடு. சுவர் ஏறுவதற்கு, கரடுமுரடான கல் என்றால் 10 வைப்பேன். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பளிங்குபோல் மெழுகிய நம் சுவருக்கு 20. விழுந்தால் பத்தடிக்கு ஓர் ஆறுமுகப் பகடை. மாடியிலிருந்து 20 அடி என்றால் இரண்டு பகடை. நாற்பதடிக் கிணறு என்றால் நான்கு.

ஹிட் பாயின்ட் தீர்ந்து விழுந்தவனின் சாவுப் போராட்டத்துக்கான விதியும் தாளில் இருக்கட்டும், ஏனென்றால் அப்போது எல்லாரும் பதற்றத்தில் இருப்பார்கள். டி20-ல் 10-ம் அதற்கு மேலும் வந்தால் ஒரு வெற்றி. மூன்று வெற்றி வந்தால் உயிர் தங்கும், மூன்று தோல்வி வந்தால் போய்விடும். 1 விழுந்தால் இரண்டு தோல்வி. 20 விழுந்தால் ஒரு ஹிட் பாயின்ட்டோடு எழுந்துவிடுவான். மந்திரம் கலையாமல் மனத்தை ஒருமுகப்படுத்திப் பிடித்துக்கொண்டிருப்பவன் அடி வாங்கினால், அதைத் தக்கவைக்க 10 அல்லது அடியில் பாதி, எது அதிகமோ அதைத் தாண்டவேண்டும்.

பயணத்துக்கு மூன்று எண்தான். சாதாரண நடை நாளுக்கு 24 மைல், வேக நடை 30, மெதுநடை 18. 24 மைல் என்பது நம் கணக்கில் 38 கிலோமீட்டர் சொச்சம். எட்டு மணி நேரத்துக்கு மேல் நடந்தால் ஒவ்வொரு கூடுதல் மணிக்கும் உடல்வலிமைச் சோதனை உண்டு: ஒன்பதாம் மணிக்கு 11, பத்தாம் மணிக்கு 12 என்று ஏறும், தோற்றால் ஒரு படி சோர்வு. இந்த எண்கள் ஆட்டத்தில் வெறும் கணக்காகவே நின்றுபோகும் என்று சொல்வார்கள். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடக்கிறவர்களிடம் பேசிப் பார். கால் எப்போது கொப்பளிக்கிறது, எந்த நேரத்தில் பேச்சு நின்றுபோகிறது, இரவில் தங்குமிடத்தில் எதைக் கொடுத்தால் முகம் மலர்கிறது என்றெல்லாம் சொல்வார்கள். அதையும் பயணக் குறிப்பின் கீழேயே எழுதி வைத்திருக்கிறேன்.

இனி எனக்கு மிகப் பிடித்த அட்டவணை. எதிரே வரும் பூதமோ கொள்ளைக்காரனோ நம்மைப் பார்த்ததும் என்ன செய்வான்? இந்த ஆட்டத்தை உருவாக்கிய கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-ல் வெளியிட்ட முதல் பதிப்பிலேயே இதற்கு இரண்டு ஆறுமுகப் பகடை உருட்டச் சொல்லியிருந்தார்கள். 1981 பேசிக் பதிப்பில் அது தெளிவான வடிவத்துக்கு வந்தது: 2 என்றால் உடனே பாய்வான்; 3 முதல் 5 வரை பகை, பாயவும் கூடும்; 6 முதல் 8 வரை தயக்கம்; 9 முதல் 11 வரை தாக்கமாட்டான், போய்விடுவான் அல்லது பேச்சுக்குக் காது கொடுப்பான்; 12 என்றால் நட்பு. மொத்தம் 36 வழியில் 16 வழி அந்தத் தயக்கத்தில்தான் விழும். நமக்கு வேண்டியது அந்தத் தயக்கம்தான். அங்கேதான் பிள்ளைகள் வாளை உறையில் போட்டுவிட்டுப் பேச ஆரம்பிப்பார்கள். இப்போதைய பதிப்பில் இதற்கு அவ்வளவு இடம் இல்லை. நீ அவசியம் சேர்த்துக்கொள்.

பெயர்ப் பட்டியல் ஒன்றும் வேண்டும். கடைக்காரன் பெயர் என்ன என்று கேட்டதும் நாம் திணறினால் அந்தக் கடையே மறைந்துபோகும். நான் அடைக்கப்பன், வயிரவன், உமையாள், சிகப்பி, மெய்யம்மை என்று நம் பெயர்களையே வைத்துக்கொள்கிறேன், முன்னால் விலாசம் என்கிற குடும்ப முன்னெழுத்தும் சேர்த்து. விலாசம் ஒன்றாக இருக்கிற இரண்டு பேர் வேறு வேறு ஊரில் தென்பட்டால், பிள்ளைகளே உறவு கண்டுபிடித்துவிடுகிறார்கள். கடல் தாண்டிய துறைமுக நகரம் வேண்டுமென்றால் நம்மவர்கள் வட்டித் தொழில் நடத்திய பர்மா, மலாயாக் கிட்டங்கியை எடுத்துக்கொள். முதலாளி ஊரில் இருக்க, அங்கே மேலாள், அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். மூன்று வருடக் கணக்கு முடிந்ததும் ஆள் மாறுவார். நேற்றுவரை உதவிய மேலாள் ஊருக்குக் கப்பலேறிவிட்டார், புது ஆளுக்கு நம்மைத் தெரியாது. ஒரு மாதக் கதை அதிலேயே இருக்கிறது.

நடந்ததை எழுதிவைப்பதற்கும் நம் பெரியவர்கள் வழியே வசதி. குறிப்பேட்டில் அன்றன்று நடந்தது வரிசையாக விழும். பிறகு பேரேட்டில் ஆள்வாரியாகப் பதிவு போகும். நானும் ஆட்டத்தின்போது ஒற்றை வரிகளாகக் கிறுக்கிக்கொண்டே போகிறேன். இரவு உட்கார்ந்து, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனிப் பக்கத்தில் வரவும் பற்றும் எழுதுகிறேன். யாருக்கு இவர்கள் என்ன செய்தார்கள், யாரிடம் என்ன வாங்கினார்கள், என்ன வாக்குக் கொடுத்தார்கள். அடுத்த வாரத்துக்கு என்ன யோசிக்க என்று தவிக்கவே வேண்டாம். தீராத பாக்கி எங்கே நிற்கிறதோ அங்கிருந்து கதை வரும்.

ஒன்று மறந்துவிட்டேன். நான் சொன்ன விதிகள் 2014 பதிப்பின்படி. 2024-ல் திருத்தியதில் சோர்வு எளிதாகிவிட்டது: ஒவ்வொரு படிக்கும் டி20 உருட்டலில் 2 குறையும், நடையில் 5 அடி குறையும். ஆறாம் படியில் மரணம் என்பது இரண்டிலும் உண்டு. எதை எடுத்தாலும் மேசையில் முதலிலேயே சொல்லிவிடு. அப்புறம், அடிப்படை விதித்தொகுப்பை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டார்கள். மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், தமிழில் எழுதி யாருக்கும் கொடுக்கலாம். என் தாள் முழுக்கத் தமிழில்தான் இருக்கிறது. ஆங்கிலம் தடுக்கிற பிள்ளைகளும் இப்போது தாங்களே பார்த்துச் சொல்கிறார்கள்.

இங்கே எல்லாரும் நலம். ஊருணி நிறைந்துவிட்டது. அக்கா மகனுக்குச் சென்னையில் வேலை கிடைத்துவிட்டதால் தையோடு எங்கள் மேசையில் ஓர் இடம் காலியாகிறது, அதுதான் வருத்தம். ஆத்தாவுக்கு முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? நான் கேட்டதாகச் சொல்.

பிள்ளையார் நோன்புக்கு ஊருக்கு வருவாய் அல்லவா? இழை எடுத்துக்கொண்ட மறுநாள் எங்கள் வளவில் ஆட்டம் வைத்துக்கொள்வோம், நீ நடத்து, நான் ஒரு கேரக்டர் ஷீட்டோடு கீழே உட்காருகிறேன். அதற்குள் உன் மேசையில் எந்தக் கேள்விக்கெல்லாம் புத்தகம் திறந்தது என்று எழுதி அனுப்பு. என் தாளின் நகலையும் இத்துடன் வைத்திருக்கிறேன். பின்பக்கம் உனக்காகவே காலியாக விட்டிருக்கிறேன்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை