முக்திநாத் தண்ணீர்: அக்கா மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு வீட்டுப் பந்தியில் நீ எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தாய். நேபாளத்து முக்திநாத் நடைப்பயணத்தில் பாதியில் திரும்பி வந்த உன்னிடம் யாரோ ஒரு பெரியம்மா, "அவ்வளவு தூரம் போய்விட்டுக் கோயிலைப் பார்க்காமலா வந்தாய்?" என்று கேட்டார். நீ பதில் சொல்லவில்லை. ஆயா உனக்குப் பரிந்து பேசுவதாக நினைத்துக்கொண்டு, "அவள் சின்னப் பெண். அவள் மாமன் போய்விட்டு வந்தானே, தீர்த்தம்கூடக் கொண்டுவந்தான்" என்றாள். அப்போது நீ இலையிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாய். நான் குனிந்து பாயசம் குடிக்க ஆரம்பித்தேன். எனக்குப் பாயசம் பிடிக்காது என்பது உனக்குத் தெரியும்.

அந்தப் பார்வைக்குத்தான் இந்தக் கடிதம். நேரில் சொல்ல வாய் வரவில்லை. இங்கே எழுதினால் மற்றவர்களும் படிப்பார்கள்; படிக்கட்டும். இத்தனை ஆண்டுகளாக ஊர் முழுக்கக் கதை சொல்லித் திரிந்தவன், அதன் திருத்தத்தையும் ஊர் முழுக்கத்தானே சொல்ல வேண்டும்? ஆயா இணையத்தில் எதையும் படிப்பதில்லை என்பது ஒரு தைரியம்.

கடலூர்க்காரர்களுக்கு மலை என்றால் திருவந்திபுரம்தான். தேவநாதசுவாமி கோயிலுக்குப் பக்கத்தில் ஔஷதகிரி, 74 படிகள், மேலே ஹயக்ரீவர். அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போனபோது உதிர்ந்த துண்டு அது என்று சின்ன வயதில் என்னையும் உன் அம்மாவையும் ஆயா படியேற்றி அழைத்துப் போவாள். முக்திநாத் ஆசையை நம் இருவர் மனத்திலும் போட்டவளும் அவள்தான். திருமங்கையாழ்வார் நம் ஊரையும் பாடியிருக்கிறார், முக்திநாத் என்கிற சாளக்கிராமத்தையும் பாடியிருக்கிறார். இரண்டும் 108 திவ்யதேசங்களில் அடக்கம். ஆகவே அது நமக்குப் பக்கத்து ஊர் மாதிரி என்பது அவள் கணக்கு. நடுவில் 5,416 மீட்டரில் தொராங் லா என்று ஒரு கணவாய் இருப்பது அந்தக் கணக்கில் வராது. கணவாய்க்கு மறுபக்கத்து ஊரான ஜோம்சோமிலிருந்து ஜீப்பிலேயே முக்திநாத்துக்குப் போய்விடலாம் என்பதும் வராது. நடந்து போய்க் கும்பிட்டால்தான் கும்பிட்டது.

நான் போனது 2013 நவம்பரில். அதற்கு முன் மூன்று மாதம், முதுகுப் பையில் பத்துக் கிலோ அரிசியை வைத்துக்கொண்டு தேவனாம்பட்டினம் மணலில் காலையும் மாலையும் நடந்தேன். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள், "அரிசி விற்கிறீர்களா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். கால் நன்றாகப் பழகிவிட்டது. மூச்சு பழகவில்லை. கடற்கரையில் எத்தனை மைல் நடந்தாலும் அது பழகாது. அந்தக் கணவாயின் மேல் ஒவ்வொரு மூச்சுக்கும் கிடைக்கிற ஆக்சிஜன், நம் ஊரில் கிடைப்பதில் ஏறக்குறையப் பாதிதான். உடம்பு அதற்குப் பழக வேண்டுமானால் மலையிலேயே நாள்களைச் செலவழிக்க வேண்டும். நாள்தான் என்னிடம் இல்லை.

அலுவலகத்தில் கொடுத்த விடுப்பில் கோரக்பூர் ரயில், சுனௌலி எல்லை, அங்கிருந்து பஸ் என்று போக வரவே ஆறு நாள் கழிந்துவிடும். திரும்பும் ரயிலுக்கு ரிசர்வ் செய்த டிக்கெட் என் சட்டைப்பையில் இருந்தது. மலையில் என்னை நடத்திய எஜமானன் அதுதான். தினமும் இரவு படுக்கும்முன் அதை எடுத்துத் தேதியைப் பார்ப்பேன், தேதி மாறியிருக்கும் என்பதுபோல.

நீ நடந்ததை நினைத்துப் பார்க்கிறேன். பெசிசஹரில் தொடங்கி, ஜீப் போகும் புழுதிச் சாலையை முடிந்தவரை விட்டு, பாறைகளில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட நடைபாதையிலேயே போனாய். சாமே, மேல் பிசாங் என்று ஒவ்வோர் ஊரிலும் நின்றாய். 3,540 மீட்டரில் மனாங்கில் இரண்டு இரவு தங்கினாய். அங்கே ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் மருத்துவர்கள் பிற்பகலில் நடத்தும் உரைக்குப் போய்க் குறிப்பெடுத்து, அந்தத் தாளைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினாய். 3,000 மீட்டருக்கு மேல், படுக்கும் இடத்தின் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு. தலைவலியோடு மேலே ஏறக்கூடாது. உன் குண்டுக் கையெழுத்தில் அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதே உரை நான் போனபோதும் நடந்தது. விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து வகுப்பில் உட்காருவதா என்று அந்த வாசலைத் தாண்டிப் போனவன் நான்.

மறுநாளே மனாங்கிலிருந்து ஒரே நடையாகத் தொராங் ஃபேடிக்குப் போய்ச் சேர்ந்தேன். ஒரே நாளில் தொள்ளாயிரம் மீட்டர். ஃபேடி என்றால் நேபாளியில் அடிவாரம். அடிவாரமே ஏறக்குறைய 4,450 மீட்டர்! தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர்தான்.

அந்த லாட்ஜ்களைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அறைக்கு வாடகை பெயருக்குத்தான். இரவுச் சாப்பாட்டையும் காலைச் சாப்பாட்டையும் அங்கேயே சாப்பிட வேண்டும் என்பது ஒப்பந்தம். மேலே போகப் போக மெனு அட்டையில் விலையும் ஏறும். ஒவ்வொரு முட்டையும் கழுதையின் முதுகிலோ மனிதனின் முதுகிலோ வந்தது என்பதால் முணுமுணுக்க முடியாது. பருப்பும் சோறும் கேட்டால் மறுபடியும் மறுபடியும் வந்து போடுவார்கள்; நம் ஊர் அளவில்லாச் சாப்பாடு போல. அறைகளுக்கு நடுவே ஒட்டுப்பலகைத் தடுப்பு; பக்கத்து அறைக்காரர் புரண்டு படுத்தால் நமக்கு விழிப்பு வரும். சூடான இடம் என்று ஒன்று உண்டென்றால் அது சாப்பாட்டு அறைதான். நடுவில் இரும்பு அடுப்பு, அதைச் சுற்றிக் கம்பியில் பத்து நாட்டுக் காலுறைகள் காயும். அந்த வாடையோடுதான் பூண்டு சூப் வரும். மலை நோய்க்கு, அதாவது உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் தலைவலிக்கும் குமட்டலுக்கும், நல்லது என்பார்கள். அது எனக்குத் தெரியாது, சூடு நிச்சயம்.

அந்த அடுப்பைச் சுற்றித்தான் எல்லாத் தப்பும் நடக்கிறது. உட்கார்ந்தவுடன் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: நாளைக்கா? நாளைக்குத்தான் என்று எல்லாரும் சொல்வார்கள். அன்றிரவு எங்கள் மேசையில் எட்டுப் பேர். ஒருவர்கூடத் தலைவலி என்று சொல்லவில்லை. ஆனால் நான்கு பேர் தட்டில் சோறு போட்டது போட்டபடி இருந்தது. அதில் ஒரு தட்டு என்னுடையது.

லாட்ஜை நடத்திய அக்கா, நாம் எல்லாரும் தீதீ என்று கூப்பிடுவோமே, தட்டை எடுக்க வந்தவர் சோற்றைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். "டாவுகோ துக்யோ?" என்றார். தலை வலிக்கிறதா? அந்த வழியில் எனக்குப் புரிந்த சில நேபாளி வார்த்தைகளில் அதுவும் ஒன்று. இல்லை என்று தலையாட்டினேன். ஆட்டியபோதே உள்ளே யாரோ உலக்கையால் இடித்தார்கள். அறைக்குப் போய் விளக்கைப் போடாமல் இரண்டு பாராசிட்டமால் விழுங்கினேன். விளக்கைப் போட்டால் நானே பார்த்துவிடுவேனே.

விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினேன். அதற்குப் பிறகு எனக்கு நினைவிருப்பது மிகவும் கொஞ்சம். முன்னே போனவருடைய காலணியின் பின்பக்கம், அதில் ஒட்டியிருந்த பனி. பத்து அடி, நிற்பது. பத்து அடி, நிற்பது. இரண்டு முறை வாந்தி.

நம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் புகைப்படத்தை நீ பதின்மூன்று வயதிலிருந்து பார்க்கிறாய். கொடித்தோரணங்களுக்கு நடுவே தொராங் லா பலகையை அணைத்துக்கொண்டு நிற்கிறேன். எல்லாரும் அதை வெற்றிக் களிப்பு என்று நினைக்கிறார்கள். அடுத்த முறை அருகில் போய்ப் பார். வலது கையில் உறை இருக்கிறது. இடது கையில் இல்லை. அது எங்கே விழுந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தக் குளிரில் ஒரு கை வெறுங்கையாக இருப்பதே தெரியாத நிலையில் இருந்தேன். பலகையைப் பிடித்திருப்பதும் களிப்பில் அல்ல. விட்டால் விழுந்திருப்பேன்.

அங்கிருந்து முக்திநாத் வரை ஆயிரத்து அறுநூறு மீட்டர் இறக்கம். அதில் முக்கால்வாசி தூரம் என் பையைச் சுமந்தவர் ஒரு சுமைகூலி. ஏற்கெனவே முதுகில் இரண்டு பெரிய பைகளை நெற்றிப்பட்டையில் மாட்டியிருந்தவர், நான் சறுக்கி உட்கார்ந்ததைப் பார்த்து, ஒன்றும் பேசாமல் என் பையை வாங்கி மார்பில் மாட்டிக்கொண்டார். "பிஸ்தாரை, பிஸ்தாரை" என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தார். மெதுவாக, மெதுவாக. நான் சொல்லும் கதையில் இவர் வருவதே இல்லை, கவனித்திருக்கிறாயா? கீழே ராணிபௌவாவில் லாட்ஜ் வாசலில் பையை இறக்கி வைத்துவிட்டுப் போனார். பணம் கொடுத்தேனா, பெயர் கேட்டேனா, எதுவும் நினைவில்லை. கேட்டிருக்க மாட்டேன்.

இனிமேல்தான் சங்கடமான பகுதி. ராணிபௌவாவிலிருந்து கோயில் அரைமணி நேர ஏற்றம். 108 நீர்த்தாரைகள், பசுவாய் வடிவப் பித்தளைக் குழாய்கள், பனித்தண்ணீர் தலையில் விழும்போது உயிர் போய் உயிர் வரும் என்றெல்லாம் நான் சொல்வேனே, அவ்வளவும் மறுநாள் காலை ஜீப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் எனக்குச் சொன்னது. நான் அந்தப் படிகளில் ஏறவில்லை. பதினாறு மணி நேரம் தூங்கினேன். எழுந்தபோது டிக்கெட்டின் ஞாபகம் வந்தது. ஆயாவின் தண்ணீர் பாட்டில் பையின் பக்கவாட்டில் காலியாக இருந்தது. லாட்ஜ் முற்றத்தில் ஒரு குழாய். பக்கத்தில் ஒரு பெண் கீரை அலசிக்கொண்டிருந்தார். அவர் நகரும்வரை காத்திருந்து பிடித்துக்கொண்டேன். ஆயா தினமும் விளக்கேற்றிக் கும்பிடும் தீர்த்தம் அதுதான். அதே மலையிலிருந்துதானே அந்தக் குழாய்க்கும் தண்ணீர் வருகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு காலம் ஓடிவிட்டது.

அடுத்த ஆண்டு அக்டோபரில்தான் எனக்கு உறைத்தது. 2014 அக்டோபர் 12 அன்று ஹுத்ஹுத் புயல் விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்தது. நமக்குப் புயல் என்றால் அத்துடன் முடிந்தது. தானே புயல் 2011 டிசம்பர் 30 காலையில் நம் தலைமேல் ஏறிப் போன பிறகு, எந்தப் புயலும் வேறு எங்காவது கரையைக் கடந்தால் அப்பாடா என்போம். ஆனால் அது முடியவில்லை. மிச்சம் வடக்கே ஏறிப் போய், 14ஆம் தேதி அதே தொராங் லாவிலும் சுற்றிலும் பனியாகக் கொட்டியது. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அதில் வழிகாட்டிகளும் சுமைகூலிகளும் இருந்தார்கள். நம் கடல் அங்கே போய்ப் பனியாக விழுந்திருக்கிறது. செய்தியைப் படித்துக்கொண்டிருந்தபோது அந்தச் சாப்பாட்டு மேசையும் மிச்சம் வைத்த சோறும் கண்ணில் வந்தன. நான் போன அன்று வானம் நீலமாக இருந்தது. நான் கடந்துவந்ததற்கு அது ஒன்றுதான் காரணம். வேறு காரணம் எவ்வளவு யோசித்தும் கிடைக்கவில்லை. அன்றைக்காவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். மாறாக, "போன வருஷம் நான் நின்ற இடம்தான் அது" என்று நான்கு பேரிடம் சொல்லிப் பெருமை கூட்டிக்கொண்டேன்.

ஃபேடியிலிருந்து நீ அனுப்பிய செய்தியை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். தலைவலி, சாப்பாடு இறங்கவில்லை, மலை நோய் முற்றுகிறதா என்று பார்க்கச் சாப்பாட்டு அறைத் தரைப்பலகையின் கோட்டில் குதிகாலை ஒட்டி விரல் வைத்து நடந்து பார்த்தேன், இரண்டு முறை சாய்ந்தேன், லாட்ஜ் பையனைக் கூட்டிக்கொண்டு இப்போதே யாக் கார்க்காவுக்கு இறங்குகிறேன். கடைசியில், "மாமா, கோபமா?" அத்தனை பேர் நாளைக்கு நாளைக்கு என்று பேசிக்கொண்டிருக்கும் அறையில், அவர்கள் கண்ணெதிரே எழுந்து ஒரு கோட்டில் நடந்து பார்ப்பதற்கு என்ன நெஞ்சு வேண்டும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எனக்கு அது இருக்கவில்லை. இரவு எட்டு மணிக்குத் தலைவலி குறைந்துவிட்டது என்று நீ எழுதினாய். அதற்கு நான் அனுப்பிய பதில் ஒரு கட்டைவிரல் படம். கட்டைவிரல்!

கோபமில்லை அம்மாடி. வெட்கம். அதை மறைக்கத்தான் கட்டைவிரல்.

உன் தூங்கும் பையைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டாய் என்று உன் அம்மா சொன்னாள். வெயிலில் காயவைத்து, பிரித்துத் தொங்கவிடு. இந்தக் கடற்கரை ஈரத்தில் பத்து நாளில் பூஞ்சை பிடித்துவிடும். எனக்கும் ஒன்று வேண்டும், பழையது கிழிந்துவிட்டது. அடுத்த அக்டோபருக்கு முப்பது நாள் விடுப்பு கேட்டிருக்கிறேன். திரும்பும் டிக்கெட்டை முன்கூட்டி எடுக்கப்போவதில்லை. எங்கே எத்தனை இரவு தங்குவது என்பதை நீ முடிவு செய். மனாங்கில் அந்த வகுப்பில் முன்வரிசையில் உட்காருகிறேன். எனக்கு இன்னும் அந்த 108 குழாய்களில் ஒன்றுகூடத் தெரியாது.

ஆயாவிடம் நானே சொல்கிறேன். நேற்று மாலை போயிருந்தேன். பாட்டிலைத் துடைத்து, மூடியில் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்திருந்தாள். அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன். இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடியும் போகிறேன். நீயும் வந்து பக்கத்தில் உட்கார். தனியாகச் சொல்ல எனக்குத் தைரியம் போதாது.

அன்புடன்,
மாமா
மஞ்சக்குப்பம், கடலூர்