வெறும் தபால் பெட்டி

நாகாவோகா, நிகாதா, ஜப்பான்
13 ஜனவரி 2025

அடியே வாயாடி,

பதினாறாம் நாள் காரியத்தன்று உன்னைக் கட்டிப்பிடித்து அழுததோடு சரி. அதற்கப்புறம் ஐந்து மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. நீ அனுப்பியதையெல்லாம் படித்தேன். பதில் எழுத உட்கார்ந்தால் அம்மாவைப் பற்றி எழுத வேண்டியிருக்குமே என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். வேண்டிய மட்டும் திட்டிக்கொள், ஆனால் நேரில் வைத்துத் திட்டு. அண்ணன் சுகமா? குட்டி இன்னும் பென்சிலைக் கடிக்கிறாளா? உன் பெண் வேறு எப்படி இருப்பாள்!

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, குளிர்தான் ஆளைக் கொல்கிறது. பனி என்றால் நம் மார்கழிப் பனி இல்லை, வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற பனி. ரோட்டின் நடுவில் குழாய் பதித்து நிலத்தடி நீரைப் பீய்ச்சிப் பனியைக் கரைக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் இரும்பு அதிகம் என்பதால் ரோடெல்லாம் செங்கல் நிறத்தில் கறை. முட்டு வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகிறேன். வீட்டுக்குள்ளேயும் சுகமில்லை, காலையில் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது.

கிறிஸ்துமஸுக்கு இங்கே விடுமுறை கிடையாது. 24-ஆம் தேதி பருவம் முடிந்தது. அதற்கு முன்னால் பிள்ளைகளே பள்ளிக்கூடம் முழுவதையும் துடைத்து, தரைக்கு மெழுகு பூசினார்கள். இதை நம் ஹெச்.எம். பார்க்க வேண்டும். அன்று ராத்திரி ஊரே ஸ்ட்ராபெர்ரி கேக்கும் பொரித்த கோழியும் சாப்பிட்டது. கோழிக்கு முன்கூட்டியே ஆர்டர் கொடுக்க வேண்டும். 1974-இல் கே.எஃப்.சி. கோழிக் கடைக்காரர்கள் செய்த விளம்பரத்தில் பரவிய பழக்கம் இது. சரி, நான் சொல்ல வந்தது அதையில்லை.

புத்தாண்டுக்கு இங்கே நெங்காஜோ என்று ஒரு வாழ்த்து அட்டை அனுப்புவார்கள். டிசம்பர் 25-க்குள் தபாலில் சேர்த்துவிட்டால் சரியாக ஜனவரி 1-ஆம் தேதி வீட்டுக்கு வந்துவிடும். இப்போது ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. அக்டோபரில் அட்டை விலையும் 63 யென்னிலிருந்து 85 யென்னாக ஏறிவிட்டது. ஆனாலும் நான் விடவில்லை. மூன்று வருடமாக ஒவ்வொரு அட்டையிலும் ஒரு புள்ளிக் கோலம் போட்டு அனுப்புவேன், அம்மா சொல்லிக்கொடுத்த கோலங்கள்தான். இந்த முறையும் நவம்பரிலேயே நாற்பது அட்டை வாங்கி, ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து புள்ளி வைத்துப் பழகிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேஜை இசை டீச்சர் பார்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, மெல்ல, "இந்த வருஷம் நீங்கள் மோச்சூ இல்லையா?" என்றார்.

துக்கம் காக்கும் காலத்தில் இருப்பது என்று அர்த்தம். வீட்டில் சாவு விழுந்தால் அந்தப் புத்தாண்டுக்கு வாழ்த்துச் சொல்வதில்லை, வாசலில் அலங்காரம் கட்டுவதில்லை, மொச்சி என்கிற இடித்த அரிசி உருண்டையை இரட்டை அடுக்காக வைப்பதில்லை. அதற்குப் பதிலாக, மற்றவர்கள் வாழ்த்து எழுதத் தொடங்கும் முன்பே, "எங்கள் வீட்டில் துக்கம், வாழ்த்து சொல்லாததற்கு மன்னிக்கவும்" என்று ஓர் அட்டை அனுப்ப வேண்டும். அது கிடைத்தவர்களும் நமக்கு வாழ்த்து அனுப்ப மாட்டார்கள். வாயாடி, நம் வீடுகளில் ஒரு வருடம் பண்டிகை இல்லை என்பதுதானே இது! தீபாவளிக்கு அப்பா புதுத்துணி எடுக்காததை நினைத்துக்கொண்டு, அந்த மேஜையிலேயே அழுதுவிட்டேன். அம்மாவின் முகத்தைக் கடைசியாக நான் போன் திரையில்தான் பார்த்தேன் என்பது உனக்குத் தெரியும். எனக்காக எடுத்து வைக்க முடியாமல், நான் விமானத்தில் இருக்கும்போதே எரித்துவிட்டார்கள். இந்த ஊரில் என் துக்கத்துக்கு ஒரு பேர் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

டீச்சரே என்னைத் தபாலாபீசுக்குக் கூட்டிப் போனார். துக்கம் என்று சொன்னால் வாழ்த்து அட்டைகளைக் காசு வாங்காமல் சாதா அட்டைகளாக மாற்றித் தருகிறார்கள். ஒரு படிவம், அவ்வளவுதான். கவுண்டரில் இருந்தவர் அட்டைகளைக் கொடுக்கும் முன் தலை தாழ்த்தினார். யாரோ ஒரு வேற்றூர்க்காரிக்கு!

எழுதுவதற்கு டீச்சர் தன் தூரிகைப் பேனாவைக் கொடுத்தார். மை சாம்பல் நிறம். கண்ணீர் பட்டு மை வெளிறியதாக ஐதீகமாம். கமா, முற்றுப்புள்ளி எதுவும் வைக்கக்கூடாது. அம்மாவின் பெயரைக் கட்டகானாவில், அதாவது வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் ஜப்பானிய எழுத்தில் எழுதினேன், நம் ஐந்தெழுத்து அங்கே எட்டெழுத்தாக நீண்டது. பக்கத்தில் வயது 67, மாதம் ஜூலை. நாற்பது தடவை எழுதினேன். பத்தாவது அட்டை வரை கை நடுங்கியது, அப்புறம் நின்றுவிட்டது.

31-ஆம் தேதி ராத்திரி டீச்சர் வீட்டுப் பக்கத்துக் கோயிலில் 108 முறை மணி அடித்தார்கள். வரிசையில் நின்று நானும் ஒருமுறை அடித்தேன். மணியை இடிக்கிற மரக்கட்டையில் கட்டிய கயிறு விறைத்துப்போய்க் குச்சி மாதிரி இருந்தது. சத்தம் காதில் கேட்டதைவிட நெஞ்சில் அதிகம் கேட்டது.

ஜனவரி 1 காலையில் தபால் பெட்டியைத் திறந்தேன். வெறும் பெட்டி. போன வருடம் முப்பத்தாறு வந்ததே! ஒருவர்கூட மறந்துபோய் அனுப்பிவிடவில்லை. அத்தனை பேரும் என்னை நினைத்துக் கையை நிறுத்தியிருக்கிறார்கள். நீயும்தான் பொங்கல் வாழ்த்து சொல்லவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

7-ஆம் தேதியோடு புத்தாண்டு அலங்காரங்களை எடுத்துவிடுகிறார்கள். 8-ஆம் தேதியிலிருந்து வேறு அட்டைகள் வருகின்றன. கன்ச்சூ மிமாய் என்று பேர், குளிரில் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கிற அட்டை. வாழ்த்து ஒரு சொல் இருக்காது. வெள்ளிக்கிழமை வரை பதினோரு அட்டை. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், வகுப்பில் வாயே திறக்காதவன், "டீச்சர், சூடாக இருங்கள்" என்று இங்கிலீஷில் எழுதியிருக்கிறான்.

இன்றைக்கு இங்கே விடுமுறை, அங்கே போகி. நாளைக்கு நம் வீட்டில் பானை ஏறாது. பக்கத்து வீட்டில் கொடுத்தனுப்புவார்கள், அப்பா சர்க்கரைப் பொங்கலைத் தொட மாட்டார்.

இதோடு அப்பாவுக்கும் ஒரு கன்ச்சூ மிமாய் வைத்திருக்கிறேன், தமிழில், அதே சாம்பல் மையில். கண் ஆபரேஷனுக்கு அப்புறம் அவருக்குச் சின்ன எழுத்து தெரிவதில்லை. இது வந்து சேர்ந்ததும் நீயே கொண்டுபோய்ப் படித்துக் காட்டு. சாயங்காலமாகப் போ, அப்போதுதான் அவர் தனியாக இருப்பார்.

உன்,
நெட்டச்சி