ஜெய்சல்மேர் கோட்டைக்குள் அறை தேடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

குளிர்காலம் நெருங்கினாலே "ராஜஸ்தான் போறோம், ஜெய்சல்மேர்ல கோட்டைக்குள்ளயே தங்குற மாதிரி நல்ல இடம் சொல்லுங்க" என்று கேட்க ஆரம்பித்துவிடுகிறீர்கள். நேராகவே சொல்லிவிடுகிறேன். ஜெய்சல்மேருக்குக் கட்டாயம் போங்கள், ஆனால் கோட்டைக்குள் தங்காதீர்கள்.

உங்கள் ஆசை புரியாமல் இல்லை. 1156-இல் ராவல் ஜைசல் எழுப்பிய கோட்டை அது. மற்ற ஊர்க் கோட்டைகளைப் போல டிக்கெட் வாங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பும் காலி இடம் இல்லை, இன்றும் உள்ளே ஜனங்கள் குடியிருக்கிறார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், சந்தில் வழியை மறித்துக்கொண்டு மாடு நிற்கிறது. ஜன்னலுக்கு வெளியே கொத்தளம், அதற்கு அப்பால் பாலைவனம் என்று விளம்பரப் படத்தில் காட்டினால் யாருக்குத்தான் மனசு வராது?

பாலைவனத்துக் கோட்டைக்குத் தண்ணீரால் ஆபத்து என்றால் நம்பச் சிரமம்தான். ஆனால் நடப்பது அதுதான். வருஷத்துக்கு இருபது சென்டிமீட்டர் மழையே பெரிசு என்கிற ஊரில், கீழே இருக்கும் கடிசர் ஏரியிலிருந்து குடம் குடமாகச் சுமந்து வந்த தண்ணீரை எண்ணி எண்ணிச் செலவழித்த மக்களுக்காகக் கட்டிய இடம் அது. அப்புறம் குழாய் வந்தது, கூடவே ஷவரும் ஃப்ளஷும் வந்தன. கோட்டை நிற்கும் திரிகூடக் குன்று கெட்டியான பாறை இல்லை, மென்மையான படிவுப் பாறையும் களிமண்ணும் கலந்தது. கசிகிற தண்ணீரும் கழிவுநீரும் உள்ளே இறங்க இறங்க களிமண் ஊறி உப்பும், அடி நழுவும், மேலே சுவர் வயிறு தள்ளும். மொத்தம் 99 கொத்தளங்கள். அவற்றில் சில 1990-களில் சரிந்தே போயின. 1996-இல் உலக நினைவுச்சின்ன நிதியம் ஆபத்தில் இருக்கும் இடங்களின் பட்டியலில் இந்தக் கோட்டையைச் சேர்த்தது. 2013-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் வந்தது பெருமைதான், அதற்காகக் கசிவு நின்றுவிடுமா?

சந்துகளில் நடக்கும்போது சுவரின் அடிப்பக்கத்தைக் கவனியுங்கள். முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறி, அதன் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். விரலால் லேசாகத் தேய்த்தால் மஞ்சள் கல் மாவாக உதிரும் (தேய்க்க வேண்டாம், நான் பார்த்ததைச் சொல்கிறேன்). அண்ணாந்து செதுக்கு வேலையைப் படமெடுப்பவர்கள் யாரும் அங்கே குனிவதில்லை.

"நாங்க ஒரு ராத்திரி தங்கினா என்ன ஆயிடும்?" என்பீர்கள். எல்லாரும் ஒரு ராத்திரிதானே தங்குகிறீர்கள்! ஒரு குடும்பம் புழங்கும் தண்ணீரும், தினம் படுக்கை விரிப்பு துவைத்து ஆளுக்கு இரண்டு வேளை குளிக்கத் தண்ணீர் தரும் பத்து அறை விடுதியின் தண்ணீரும் ஒன்றா? உள்ளே இருப்பவர்களின் பிழைப்பு என்னாவது என்பது நியாயமான கேள்வி, அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. குடியிருப்பவர்களைக் காலி செய்யச் சொல்வதில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை, அவர்கள் இல்லாவிட்டால் அது வெறும் கல்தான். அதனால் பகலில் உள்ளே தாராளமாகச் செலவழியுங்கள். உள்ளூர் வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளுங்கள், அங்கேயே சாப்பிடுங்கள், துணி வாங்குங்கள். சமணக் கோயில்களைப் பார்க்கக் காலையிலேயே ஏறிவிடுங்கள்.

கீழே ஊருக்குள்ளும் பார்க்க நிறைய இருக்கிறது. பட்வா குடும்பத்தின் ஐந்து ஹவேலிகளை, அதாவது பழைய மாளிகை வீடுகளை, எல்லாரும் பார்ப்பார்கள், சரி. எனக்கு அதைவிட நத்மல் ஹவேலிதான் பிடிக்கும். அண்ணன் தம்பி இரண்டு சிற்பிகள் ஆளுக்கொரு பக்கமாகச் செதுக்கினார்களாம், முதல் பார்வைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும், நிதானமாக ஒப்பிட்டால் ஒவ்வொன்றிலும் வித்தியாசம் தெரியும். அந்தப் பாலைவனத்தின் பரம்பரை இசைக் குடிகளான மாங்கணியார் பாடகர்கள் கமாய்ச்சா என்ற வில் போட்டு வாசிக்கும் நரம்பு வாத்தியத்தை வாசித்துப் பாடுவதைக் கேட்க வாய்த்தால், செல்போனைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். கேட்டபின் கை நிறையக் கொடுங்கள்.

அறை பதிவு செய்யுமுன் வரைபடத்தில் விடுதி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 'கோட்டைக் காட்சி' என்று போட்டிருப்பார்கள், உள்ளேயா வெளியேயா என்று தெளிவாக இருக்காது. போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். வெளியே என்றால் யோசிக்காமல் பணம் கட்டுங்கள். கோட்டை முழுசாகத் தெரிவதும் வெளியே மொட்டைமாடியில் இருந்துதான்.

இப்படிக்கு,
உங்களைப் போலவே ஊர் சுற்றும் ஒருத்தி