அந்த அம்மா ஹாங்காங்ல சாகல: இப் மேன் படம் எடுத்தவங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

விங் சுன்ங்கற சீன குங்ஃபூவைச் சொல்லிக் கொடுத்த இப் மேன் மாஸ்டரோட வாழ்க்கைன்னு சொல்லி 2008-ல ஆரம்பிச்சு 2019 வரைக்கும் நாலு படம் எடுத்த ஹாங்காங் சினிமாக்காரங்களுக்கும், இனிமே அவரைப் பத்திப் படம் எடுக்கப்போற எல்லாருக்கும் இதை எழுதறேன். உங்க மேல கோவத்துல எழுதறேன்னு மட்டும் நினைச்சுடாதீங்க. முதல் படத்தைத் தமிழ் டப்பிங்ல பார்த்துட்டுத்தான் நான் விங் சுன் கிளாஸ்ல போய்ச் சேர்ந்தேன், ஆறு வருஷம் ஆச்சு, இன்னும் விடாம போயிட்டிருக்கேன். நீங்க இல்லேன்னா அந்தப் பேரே என் காதுல விழுந்திருக்காது. அந்த நன்றியோடதான் கேக்கறேன்.

மூணாவது படத்துல ஒரு சீன். இப் மேனோட மனைவி விங்-சிங்குக்கு கேன்சர் முத்திப் போச்சு. நீங்க வுடன் டம்மி (பயிற்சிக்கு அடிக்கிற, கை வெச்ச மரக்கட்டை) அடிக்கிற சத்தத்தைக் கேட்டு ரொம்ப நாளாச்சுன்னு அவங்க சொல்ல, அவர் எழுந்து போய் அடிப்பார், அவங்க பக்கத்துலயே இருந்து பார்த்துட்டு இருப்பாங்க. வெளிய யாரோ சண்டைக்குக் கூப்பிட்டுட்டு இருக்கான், அதைக்கூட விட்டுட்டு மனுஷன் மனைவி பக்கத்துல இருக்கார். அந்த சீனுக்கு நான் தேம்பித் தேம்பி அழுதிருக்கேன், எங்க வீட்டுல அம்மாவையும் உக்கார வெச்சுக் காட்டி அவங்களையும் அழ வெச்சிருக்கேன்.

அப்புறம் அவரோட நிஜ வாழ்க்கையைத் தேடிப் படிக்க ஆரம்பிச்சப்போ, ரெண்டு நாள் மனசே சரியில்ல. விங்-சிங் அம்மா 1960-ல இறந்தது உண்மை. ஆனா ஹாங்காங்ல இல்ல, சீனாவுல இருக்கற ஃபோஷான்ல. அவர் பக்கத்துல இல்ல. நடுவுல மூடிக்கெடந்த ஒரு எல்லை. பத்து வருஷமா ரெண்டு பேரும் சேர்ந்து வாழவே இல்ல, கடைசியா முகம்கூடப் பார்க்கல.

இதை ஏங்க மாத்துனீங்க? நெசமா நடந்தது நீங்க கற்பனை பண்ணினதைவிடப் பல மடங்கு கனமா இருக்கே.

அவர் கதையை முதல்லருந்து சொல்றேன், உங்களுக்குத் தெரியாததில்ல, இதைப் படிக்கிற எங்க ஆளுங்களுக்காக. 1893-ல குவாங்டாங் மாகாணத்துல ஃபோஷான்ங்கற ஊர்ல நல்ல வசதியான வீட்டுல பொறந்தவர். அவங்க குடும்பத்து மண்டபத்துல சான் வா-ஷுன்னு ஒரு பெரியவர் விங் சுன் சொல்லிக் கொடுத்துட்டு இருந்தார், அவர் தொழில் காசு மாத்திக் கொடுக்கறது, அதனாலயே ஊருக்குள்ள அவருக்கு காசு மாத்துற வான்னு பேரு. அந்தப் பெரியவருக்கு இப் மேன்தான் கடைசி சிஷ்யன், சின்னப் பையன். குரு போனப்புறம் மூத்த சிஷ்யர் இங் சுங்-சோக் மீதியைச் சொல்லிக் கொடுத்தார். அப்புறம் 16 வயசுல ஹாங்காங் போய் செயின்ட் ஸ்டீஃபன்ஸ் காலேஜ்ல படிப்பு, அங்க தன் குருவோட குரு லியுங் ஜானோட மகனையே சந்திச்சுக் கத்துக்கிட்டதா இப் மேன் சிஷ்யர்கள் தரப்புல சொல்லுவாங்க, இதை எல்லாரும் ஒத்துக்கறதில்ல, அந்தச் சண்டைக்குள்ள நான் போகல. திரும்பி ஃபோஷான் வந்து போலீஸ்ல வேலை பார்த்தார். பள்ளிக்கூடம்னு எதுவும் தொறக்கல, தெரிஞ்ச நாலு பேருக்குச் சொல்லிக் கொடுத்ததோட சரி. போலீஸ்காரரா இருந்ததை நீங்க முதல் படத்துல காட்டவே இல்ல, வேலை எதுவும் இல்லாத பெரிய வீட்டுக்காரரா வெச்சுட்டீங்க. ஆனா அந்தப் போலீஸ் வேலைதான் பின்னாடி அவர் தலையெழுத்தையே மாத்துச்சு.

ஜப்பான்காரன் வந்தப்போ குடும்பம் நொடிஞ்சு போனது நிஜம், சோத்துக்குத் திண்டாடினது நிஜம். அந்த சமயத்துலதான் குவோக் ஃபூ மாதிரி சில பேருக்குக் கத்துக் கொடுத்தார். ஆனா ஜெயிச்சா அரிசி மூட்டைன்னு சண்டை நடக்கற இடத்துல பத்து பேரை அடிச்சதும், மேடையில ஜப்பான் ஜெனரலை ஊரே பார்க்க அடிச்சுப் போட்டதும் நடக்கவே இல்ல. சினிமான்னா அப்படித்தான், ஒரு சண்டையைக் கூட்டிக்கறது தப்பில்லைன்னு எனக்கும் தெரியும். நான் கேக்கறது அதைப் பத்தி இல்ல.

1949-ல கம்யூனிஸ்ட் படை ஜெயிச்சுது. அவங்ககிட்ட தோத்த குவோமின்டாங் கட்சி ஆட்சியில போலீஸா இருந்தவருக்கு அதுக்கப்புறம் ஃபோஷான்ல இடம் இல்ல. கிளம்பி ஹாங்காங் வந்துட்டார், அப்போ வயசு 56. எங்க ஊர்ல 56 வயசுன்னா ரிட்டயர்மென்ட் பணத்தை எதுல போடலாம்னு யோசிக்கிற வயசு. இவர் கையில காசு இல்ல, வீடு இல்ல, பொண்டாட்டி பிள்ளைங்க எல்லாம் அந்தப் பக்கம். கொஞ்ச நாள்ல எல்லாம் சரியாகும், போய்க் கூட்டிட்டு வந்துடலாம்னு நினைச்சிருப்பார், ஆனா 1951-ல சீனாவுக்கும் ஹாங்காங்குக்கும் நடுவுல இருந்த எல்லையை அடைச்சுட்டாங்க.

பிழைக்க என்ன வழி? வாழ்க்கையில அது வரைக்கும் காசுக்காகச் செய்யாத ஒன்ன அப்பதான் காசுக்காகச் செய்ய ஆரம்பிச்சார். ஹோட்டல் தொழிலாளர் சங்கத்துல 1950-ல வகுப்பு ஆரம்பிச்சார். நீங்க உங்க ரெண்டாவது படத்துல மேஜை மேல ஏறி மத்த மாஸ்டர்களை ஜெயிச்சாத்தான் சொல்லித் தர அனுமதின்னு காட்டுனீங்களே, அப்படி எதுவும் இல்ல. நிஜத்துல வந்து நின்னது நாள் பூரா ஹோட்டல்ல வேலை செஞ்சுட்டு வந்த ஆளுங்க. முதல் சிஷ்யர் லியுங் ஷியுங் ஏற்கெனவே வேற குங்ஃபூ கத்துக்கிட்டவர், இந்தச் சின்ன உருவத்துப் பெரியவர்கிட்ட வந்து மறுபடி முதல்லருந்து ஆரம்பிச்சார். அந்தச் சங்கத்துலயே செயலாளரா இருந்தவர் சூ ஷோங்-டின், நோஞ்சான் உடம்பு. அவர் கடைசி வரைக்கும் முதல் பாடமான சியூ நிம் தாவையே பிடிச்சுக்கிட்டு, அதுக்கு ராஜான்னு பேர் வாங்கினார்.

இந்த சியூ நிம் தாவ் பத்தி ஒன்னு சொல்லியாகணும், ஏன்னா உங்க படம் பார்த்துட்டு வர்ற பசங்க எல்லாம் இங்கதான் ஓடிப் போறாங்க. முட்டியை உள்பக்கமா ஒடுக்கி நின்ன இடத்துல நிக்கணும், கால் நகரவே கூடாது. ஒரு கையை மட்டும் மெல்ல, ஒரு சாண் தள்ள ஒரு நிமிஷம் ஆகற மாதிரி, முழங்கை வெளிய விலகாம நடு நெஞ்சுக்கு நேரா முன்னாடி கொண்டு போகணும், மணிக்கட்டைத் திருப்பி அதே மாதிரி மெல்ல இழுக்கணும், திரும்ப, திரும்ப. பார்க்கறவனுக்கு ஒன்னுமே நடக்காத மாதிரி இருக்கும், செய்யறவனுக்குத் தோள்பட்டை எரியும். எங்க கிளாஸ்ல ஒரு பையன் வந்தான், முதல் நாளே கேட்டான், மாஸ்டர் பத்து பேரை எப்போ அடிக்கச் சொல்லித் தருவீங்கன்னு. மூணு வாரம் கையைத் தள்ளி இழுத்தான், நாலாவது வாரம் காணோம். அவன் மேல தப்பு இல்ல. இப் மேன்கிட்ட வந்தவங்கள்லயும் எத்தனையோ பேர் ரெண்டு மூணு மாசத்துல நின்னு போயிருக்காங்க. அவரும் பழைய ஆளுங்க மாதிரி பஞ்சபூதம், எட்டு திசை தத்துவம்னு குழப்பாம, எளிமையான வார்த்தையில சொல்லிக் கொடுக்கற வழியைக் கண்டுபிடிச்சுக்கிட்டார், ஏன்னா எதிர்ல நிக்கறவன் நாள் முழுக்க வேலை பார்த்துட்டு வந்தவன். இதை எந்தப் படத்துலயாவது காட்டினீங்களா?

வுடன் டம்மி விஷயம் இன்னும் அழகு. ஃபோஷான்ல அந்த மரத்தை மண்ணுல குழி வெட்டி நட்டு வெப்பாங்க. ஹாங்காங்ல இருக்கறதோ மாடி வீடு, குழி எங்க தோண்டறது? அதனால தச்சரை வெச்சு, மரத்துக்குக் குறுக்கே ரெண்டு கட்டையைச் செருகி, அதை ஒரு சட்டத்துல மாட்டி நிக்க வெச்சார். இன்னைக்கு உலகம் பூரா விங் சுன் கிளாஸ்ல இருக்கற டம்மி அப்படிப் பொறந்ததுதான். மண்ணுல ஊனி இருந்தது மாடிக்கு வந்து சட்டத்துல தொங்குது. அவரும் அப்படித்தானே வந்தார்.

அந்த வருஷங்கள்ல ஷாங்காய்லருந்து வந்த ஒரு பெண்ணோட அவர் வாழ்ந்தார், ஒரு மகனும் பொறந்தான். அதனால மனசு கசந்து விலகிப்போன சிஷ்யர்களும் உண்டு. அபின் பழக்கம் இருந்துச்சுன்னு அவர்கிட்ட படிச்சவங்களே சிலர் சொல்லியிருக்காங்க. இதையெல்லாம் காட்டினா அவர் மரியாதை போயிடும்னு பயந்தீங்கன்னா, எனக்கு ஒரு துளியும் போகல. தனியா ஒரு ஊர்ல மாட்டிக்கிட்ட வயசான மனுஷன், தடுமாறியிருக்கார், ஆனா சொல்லிக் கொடுக்கறதை மட்டும் நிறுத்தல. அதுதான் எனக்கு வேணும்.

நிஜமான சண்டைகள் அவர் போட்டது இல்ல, அவர் சிஷ்யர்கள் போட்டது. 50-கள்ல மொட்டை மாடியில, பூட்டின கதவுக்குப் பின்னாடி மத்த குங்ஃபூ பசங்களோட மோதுவாங்க, அதுல வோங் ஷுன்-லியுங் பேர்தான் பெருசு. இப் மேன்கிட்ட சிஷ்யனா இருந்த புரூஸ் லீ, 1959-ல அமெரிக்கா போறதுக்கு முன்னாடி நிறையக் கத்துக்கிட்டதும் இந்த அண்ணன்கிட்டதான். நீங்க நாலாவது படத்துல மாஸ்டரையே சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு அனுப்பி அமெரிக்க ராணுவக்காரனோட மோத விட்டீங்க.

1962-ல மகன்கள் இப் சுன்னும் இப் சிங்கும் ஹாங்காங் வந்து சேர்ந்தாங்க. மூத்தவருக்கு 38, இளையவருக்கு 26. அம்மா போய் ரெண்டு வருஷம் ஆச்சு. அந்தக் கதவைத் தொறந்தப்போ அப்பா என்ன கேட்டிருப்பார்? அம்மாவைப் பத்தி முதல்ல யார் பேச்சை எடுத்திருப்பாங்க? 26 வயசு ஆம்பளைப் பிள்ளைக்கு, பன்னெண்டு வருஷமாப் பார்க்காத அப்பா கையைப் பிடிச்சு முழங்கையைத் திருத்திச் சொல்லிக் கொடுக்கறார். சி சாவ்னு ஒரு பயிற்சி இருக்கு, ரெண்டு பேரும் முன்னங்கையை ஒட்டவெச்சு உருட்டிக்கிட்டே இருக்கணும், அடுத்தவன் எங்க அழுத்தறான், எங்க விடறான்னு தோல் வழியாவே தெரிஞ்சுக்கணும். அப்பாவும் மகனும் பேசாம அதைச் செஞ்சாலே போதும், உங்களுக்கு வசனமே வேணாம். மூத்த மகன் இப் சுன்னையே உங்க முதல் படத்துக்கு ஆலோசகரா பக்கத்துல வெச்சிருந்தீங்க, அந்த நாள் எப்படி இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேன்னு என் மனசு அடிச்சுக்குது.

2013-ல வேற ரெண்டு பேர் படம் எடுத்தாங்க, ஒன்னுல எல்லை மூடினது வந்துச்சு, இன்னொன்னுல தொழிலாளர் சங்கமே வந்துச்சு. அவங்களுக்கு என் வணக்கம். ஆனா எங்க ஊர்ல டீக்கடை வரைக்கும் தெரிஞ்சது உங்க படம்தான், அதனாலதான் உங்ககிட்ட கேக்கறேன்.

உங்க நாலாவது படத்தோட கடைசியில மகன் கேமரா பிடிக்க மாஸ்டர் டம்மி அடிக்கறதைக் காட்டுனீங்க, அதுக்கு மனசார நன்றி, அது நடந்தது. 1972-ல தொண்டைப் புற்றுநோய் முத்தின நிலையில, சாகறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி, 8 எம்எம் ஃபிலிம்ல சியூ நிம் தாவ், ரெண்டாவது கைப்பாடமான சம் கியூ, வுடன் டம்மி மூணையும் செஞ்சு பதிவு பண்ணினார். மூணாவது கைப்பாடம் பியூ ஜீ அதுல இல்ல. அந்த ஃபிலிமை நான் போன்ல வேகத்தைக் குறைச்சு வெச்சுப் பார்ப்பேன். வத்திப்போன உடம்பு, ஆனா முழங்கை மட்டும் ஒரு விரக்கடை விலகாது. டிசம்பர் 2-ஆம் தேதி மோங் காக்ல துங் சோய் தெரு வீட்டுல உயிர் போச்சு, 79 வயசு. புரூஸ் லீ போனது அடுத்த வருஷம் ஜூலையில.

இனி ஒரு படம் எடுத்தீங்கன்னா 1960-ஐ மறுபடி எடுங்க. ஃபோஷான்லருந்து சேதி வருது. அவர் எழுந்து போய் அந்தச் சட்டத்துல தொங்கற மரத்தை அடிக்கிறார். அடிச்சா குறுக்குக் கட்டை லேசா வளைஞ்சு கொடுத்துத் திரும்பி வரும், மண்ணுல நட்ட மரத்துக்கு அந்த சத்தம் வராது. அந்த சத்தத்தைப் போடுங்க. பக்கத்துல அந்த அம்மாவை நிறுத்தாதீங்க.

இப்படிக்கு,
உங்க படம் பார்த்து விங் சுன் கத்துக்க வந்த ஒருத்தன்