ஒற்றெழுத்தில் வரியைத் தொடங்காதீர்கள்

தொடக்க வகுப்புத் தமிழ்ப் பாடநூல் குழுவினருக்கு,

வணக்கம். எழுத்தெல்லாம் தெரிந்த பிள்ளைகூட 'அம்மா'வை "அ... இம்... மா" என்று படிப்பதுண்டு. ம் என்பதைத் தனியே காட்டி 'இம்' என்று சொல்லப் பழக்குகிறோம். அந்த இகரம் சொல்லுக்குள்ளும் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு முன்பே சொல்லை அசைகளாக, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சிறு துண்டுகளாகப் பிரிக்கப் பழக்கினால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழாது.

விதி ஒன்றுதான். புள்ளி வைத்த எழுத்து தனக்கு முன்னால் உள்ள எழுத்தோடு சேரும். அம்-மா, பட்-டாம்-பூச்-சி. புள்ளியில்லாத எழுத்துகளை எண்ணினால் அசைகளின் எண்ணிக்கை வந்துவிடும். பட்டாம்பூச்சியில் ஏழு எழுத்து, மூன்று புள்ளி, நான்கு அசை. ஆய்தமும் அப்படியே: எஃ-கு. யாப்பிலக்கணத்தில் 'படம்' ஒரே நிரையசை ஆயிற்றே என்று கேட்பார்கள். அது செய்யுளுக்கான கணக்கு. வாசிப்புக்கு ப-டம் என்று இரண்டாகத்தான் பிரிக்க வேண்டும்.

முதலில் புத்தகமே வேண்டாம், சொல்லைச் சொல்லி அசைக்கு ஒரு கைதட்டல் போதும். பிறகு ம-ணி, கா-டு போன்ற புள்ளியில்லாச் சொற்கள். அடுத்து ம-ரம், பா-டம். அதன்பின் நடுவில் ஒற்று வரும் பந்-து, கல்-வி. இந்த இடத்தில் படு/பட்டு, படம்/பட்டம் இணைகளைக் கட்டாயம் சேருங்கள், ஒற்றை விழுங்கிப் படிக்கும் பிள்ளை இதில்தான் அகப்படும். இரண்டு ஒற்று அடுத்தடுத்து வரும் வாழ்த்-து, பார்த்-தான் கடைசியில் வரட்டும். 'வாழ்-த்து' என்று வெட்டினால் மறுபடி 'இத்து' வந்து நிற்கும். ஸ்கூல், ப்ளாஸ்டிக் போல ஒற்றில் தொடங்கும் சொற்களை முதல் பருவத்தில் தவிர்த்துவிடுங்கள். முன்னால் சேர எழுத்தே இல்லை.

அசைக்குக் கீழே பென்சிலால் ஒரு வளைகோடு போடச் சொல்லலாம். 'கொடி'யில் கொம்பு, க, கால் மூன்றும் ஒரே வளைவுக்குள் அடங்க வேண்டும். இல்லாவிட்டால் 'கெ' தனி, கால் தனி என்று பிரிந்துவிடும்.

வெட்டுவதோடு நிறுத்துவதுதான் வகுப்பறைகளில் நடக்கும் பெரிய பிழை. 'பாம்... பு' என்று இடைவெளி விட்டால் அந்தப் பு, 'புல்'லில் வரும் வல்லொலியாகிவிடுகிறது. பாம்பில் அது மெல்லின ஒற்றை அடுத்து வருவதால் மென்மையாக ஒலிக்க வேண்டும். தங்கம், பந்து எல்லாவற்றுக்கும் இதே கதிதான். பிரித்துப் படித்த கையோடு, வளைகோட்டின் மேல் விரலை நிறுத்தாமல் ஓட்டி, முழுச் சொல்லையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். தடுமாறாமல் வரும் சொல்லுக்கு வளைகோடு தேவையில்லை. பழகிய சொல்லையும் வெட்டிக்கொண்டே இருந்தால் வேகம் கூடாது.

உங்களிடம் கேட்பது இரண்டு. தொடக்கப் பாடங்களின் புதுச் சொற்களை வளைகோட்டோடு அச்சிடுங்கள், அடுத்த பாடத்தில் அதே சொல் கோடில்லாமல் வரட்டும். குறுகிய பத்திகளில் வரியை 'பட்டா' என்று முடித்து அடுத்ததை 'ம்பூச்சி' என்று தொடங்காதீர்கள். உடைத்தே ஆக வேண்டுமென்றால் 'பட்டாம்' என்று உடையுங்கள். மெய்ப்புப் பார்ப்பவருக்கு இதை எழுத்துமூலம் சொல்லிவைத்தால் போதும்.

இப்படிக்கு,
தொடக்கநிலை வாசிப்புப் பயிற்றுநர்கள்