கேத்தரின் மெக்கார்மிக் சிறுநூல்: துணைநின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

கருத்தடை மாத்திரை ஆய்வுக்குத் தம் செல்வத்தை அளித்த அமெரிக்கப் பெண்மணி கேத்தரின் மெக்கார்மிக்கின் வாழ்க்கையைத் தமிழில் சிறுநூலாக எழுதி முடிக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. அச்சுக்குப் போனது நான் முதலில் எழுதியதன்று. உங்கள் கைபட்டுத் திருந்தியது. ஆகவே எல்லோர் முன்னிலையிலும் நன்றி சொல்வதே முறை என்று கருதுகிறேன்.

முதல் நன்றி ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியை அம்மையாருக்கு. "மாத்திரைக்குப் பணம் கொடுத்த சீமாட்டி" என்று தொடங்கிய என் முதல் அத்தியாயத்தைப் பென்சிலால் குறுக்கே கோடிட்டுத் திருப்பி அனுப்பினார். 1904இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யில் உயிரியல் பட்டம் பெற்றவரைப் பணப்பையாக மட்டும் காட்டலாமா என்று கேட்டார். அறுவடை இயந்திரத்தால் பெருஞ்செல்வம் சேர்த்த குடும்பத்தில் கேத்தரின் அதே ஆண்டு மணமாகிச் சென்றதும், சில ஆண்டுகளிலேயே கணவர் ஸ்டான்லி மனச்சிதைவு நோயில் வீழ்ந்ததும், சுரப்பிக் கோளாறே அதன் காரணமாகலாம் என நம்பி 1927இல் ஹார்வர்டில் ஆய்வுக்கு நிதி தந்ததும் ஒரே இழையாக எனக்குப் புலப்பட்டது அதன் பிறகுதான். சுரப்பிகள் சுரப்பது ஹார்மோன், கருத்தடை மாத்திரையும் ஹார்மோனால் ஆனதே. அந்தச் சொல், 1953இல் மாத்திரையை உருவாக்கிய அறிவியலாளர் கிரிகரி பிங்கஸின் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்த அந்த 77 வயதுப் பெண்மணிக்குப் புதிதன்று.

கணக்குத் தணிக்கையாளரான நண்பர், 1947இல் ஸ்டான்லி இறந்த பிறகும் வாரிசுரிமை வரிக் கணக்குகள் தீரும்வரை அந்தச் செல்வத்தை விரும்பியபடி செலவிடக் கேத்தரின் காத்திருக்க நேர்ந்ததை எனக்குப் பொறுமையாக விளக்கினார்.

தையற்கடை நடத்தும் என் அண்ணிக்குத் தனி நன்றி. அமெரிக்காவில் கருத்தடைச் சாதனங்களுக்குத் தடையிருந்த 1920களில், கேத்தரின் ஐரோப்பாவில் கருப்பை வாயை மூடும் டயாஃபிரம் எனும் ரப்பர் மூடிகளை வாங்கி, உடைகளுக்குள் வைத்துத் தைத்து, பெட்டி பெட்டியாகக் கருத்தடை உரிமைக்குப் போராடிய மார்கரெட் சாங்கரின் மருத்துவகத்துக்குக் கொண்டுவந்தார். அது எப்படி முடியும் என்று நான் கேட்க, அண்ணி ஒரு பழைய பாவாடையின் விளிம்பைப் பிரித்து, ஊறுகாய் புட்டியின் ரப்பர் வளையத்தை உள்ளே வைத்து, ஐந்தே நிமிடத்தில் தைத்து நீட்டினார். தடவிப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

எனினும், இந்நூல் அதிகம் கடன்பட்டிருப்பது முப்பது ஆண்டுகள் கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றிய அக்காவிடம். அவர் மாலா-டி என்ற கருத்தடை மாத்திரை அட்டை ஒன்றை மேசைமேல் வைத்து, வெள்ளை மாத்திரை இருபத்தொன்று, இரும்புச்சத்து மாத்திரை ஏழு என்று விரல்வைத்து எண்ணிக் காட்டிவிட்டு, "முதன்முதலில் இதை விழுங்கிப் பார்த்தவர்கள் யார்? அவர்கள் உங்கள் நூலில் எங்கே?" என்று கேட்டார். என்னிடம் விடையில்லை. அதன் பிறகே 1956இல் அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட கரீபியன் தீவான புவெர்ட்டோ ரிக்கோவில் நடந்த சோதனையைப் பற்றிய அத்தியாயத்தைச் சேர்த்தேன். இன்றைய அளவைவிடப் பன்மடங்கு வீரியமுள்ள மாத்திரையை, அது இன்னும் சோதனையில் இருப்பதென்று அறியாமலே உட்கொண்டு, குமட்டலும் தலைசுற்றலும் தாங்கிய ஏழைப் பெண்கள் அவர்கள். சோதனைக்குக் கருமுட்டை உருவாகும் பெண்களின் "கூண்டு" ஒன்று எப்படிக் கிடைக்கும் என்று கேத்தரின் சாங்கருக்கு எழுதிய வரியை நான் விட்டுவிடவே எண்ணியிருந்தேன், அக்கா விடவில்லை. ஏறத்தாழ 20 லட்சம் டாலர் கொடுத்தவரின் பெயரை நாம் அறிவோம், அந்தப் பெண்களின் பெயர்களை அறியோம். அவர்களுக்கும் இம்மடலிலேயே என் நன்றி.

1960இல் மாத்திரைக்கு அரசு ஒப்புதல் கிடைத்ததையும், எம்.ஐ.டி. மாணவியருக்கு கேத்தரின் கணவர் பெயரில் விடுதி கட்டித் தந்ததையும் சொல்லும் இறுதிப் பக்கங்களை மூன்று முறை மெய்ப்புப் பார்த்த கல்லூரி மாணவிக்கும் நன்றி.

ஒவ்வொருவருக்கும் இரண்டு படிகள் அஞ்சலில் வருகின்றன. அண்ணி தைத்துத் தந்த அந்தப் பாவாடையை மட்டும் நான் இன்னும் திருப்பித் தரவில்லை. அது என் மேசைமேலேயே இருக்க அனுமதிக்குமாறு வேண்டுகிறேன்.

நன்றியுடன்,
நூலாசிரியர்